அரை மணி உனக்கு, அரை மணி எனக்கு

முதல் நாளே எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. ஐந்து மாதம் தினமும் ஒரு மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்து பேசிய பிறகும் பிடிக்கவில்லை. மொழி பழகினால் மனசும் பழகிவிடும் என்று சொல்கிறவர்கள் யாரும் ஒரு வேலைக்காக மொழி பழகியிருக்க மாட்டார்கள்.

மஞ்சூருக்குக் கீழே ஒரு எஸ்டேட்டில் முப்பது வருடம் கொழுந்து பறித்தவள் நான். அப்பாவும் அம்மாவும் சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டவர்கள். நான் இங்கேயே பிறந்தேன். ஐம்பத்திரண்டு வயதில் வலது முட்டி போய்விட்டது. ஊட்டி ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இனிமே மேடு பள்ளம் ஏறாதீங்கம்மா" என்றார். நீலகிரியில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்ல அவருக்கு எப்படி வாய் வந்தது என்று தெரியவில்லை.

எஸ்டேட் வீட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. வீட்டில் ஒருவராவது எஸ்டேட் வேலையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். ஒற்றை அறை, மனைவி, இரண்டு பிள்ளைகள். அந்த அறையில் நான் எங்கே படுப்பேன் என்று நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டும். எனவே மலை ஏறாத ஒரு வேலை எனக்கு வேண்டும். இல்லையென்றால் நான் பிறந்து, கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்ற வீடு போய்விடும்.

எஸ்டேட்டில் அப்படி ஒரே வேலைதான் இருந்தது. பிள்ளைக்காம்பரா. தாய்மார்கள் மலைக்குப் போகும்போது சின்னக் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற அறைக்கு எங்கள் ஆட்கள் சிலோனிலிருந்து கொண்டு வந்த பெயர் அது. அங்கே இருந்த ஆயா மே மாதம் ரிட்டையர் ஆகப்போகிறாள். முன்பென்றால் கேள்வியே இல்லை, சீனியராக இருக்கிற பெண்ணுக்குக் கொடுத்துவிடுவார்கள். நானும் அந்த நினைப்பில்தான் ஆபீசுக்குப் போனேன். வெல்ஃபேர் பார்க்கிற ஐயா, கோயம்புத்தூர்ப் பக்கத்து மனுஷர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"ஏனுங்கம்மா, காம்பராவுல இப்ப முக்காவாசி வடக்கத்திப் புள்ளைங்கதானுங்க. அதுங்களோட பேசத் தெரிஞ்ச ஆளுக்குத்தான் கொடுக்கோணும்னு மேனேஜர் சொல்லிட்டாருங்க. மே மாசம் வரைக்கும் முட்டிக்கு லீவு போட்டுக்குங்க, அதுக்குள்ள கத்துக்குங்க, பாக்கலாம்."

வடக்கத்தி ஆட்கள் ஜார்கண்டிலிருந்து வந்து நாலைந்து வருடம் ஆகிறது. எங்கள் பிள்ளைகள் எல்லாம் திருப்பூர், கோயம்புத்தூர் என்று இறங்கிப் போன பிறகு மேனேஜ்மெண்ட் கூட்டி வந்த ஆட்கள். அவர்களுக்கு நாங்கள் வைத்த பெயர் ஹிந்திக்காரங்க. வந்த நாளிலிருந்து அவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல். குழாயடியை விட்டு நகர மாட்டார்கள், போனில் பாட்டைச் சத்தமாக வைப்பார்கள், குறைந்த கூலிக்கு ஒத்துக்கொண்டு எங்கள் பிழைப்பைக் கெடுக்கிறார்கள். எங்கள் அப்பா அம்மா வந்து இறங்கிய காலத்தில் இந்த மலைக்காரர்கள் எங்களைப் பற்றிப் பேசியதும் இதே பேச்சுதான். அது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் எரிச்சல் குறையவில்லை.

அந்தக் கூட்டத்தில் ஓரளவு தமிழ் தட்டுத்தடுமாறிப் பேசுகிறவள் அவள் ஒருத்திதான். இருபத்து நாலு, இருபத்தைந்து வயது இருக்கும். இடுப்பில் எப்போதும் ஒரு குழந்தை. ஃபேக்டரிக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நாலு குடும்பத்தோடு குடும்பமாக இருந்தாள். "நீ எனக்கு ஹிந்தி சொல்லிக் குடு, நான் ஒனக்குத் தமிழ் சொல்லித் தாறேன்" என்று நான்தான் கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை.

"அரை மணி உனக்கு, அரை மணி எனக்கு. சரியா தீதி?" என்றாள்.

தீதி என்றால் அக்கா. அவள் என்னை அப்படிக் கூப்பிட்டதும் பிடிக்கவில்லை.

தினமும் சாயங்காலம் அவள் வேலை விட்டு வந்ததும் என் வீட்டில் உட்காருவோம். என் போனில் அலாரம் வைப்போம். முதல் அரை மணி ஹிந்தி மட்டும், அடுத்த அரை மணி தமிழ் மட்டும். அலாரம் அடித்தால் பாதி வாக்கியத்தில் நிறுத்துவாள். நானும் அப்படித்தான். ஒரு நிமிடம் கூடுதலாக அவளுக்கு என் பேச்சைக் கொடுக்க எனக்கு மனம் வந்ததே இல்லை. ஒரு நாள் பால்காரர் வந்து என் நேரத்தில் ஐந்து நிமிடம் போய்விட்டது. அந்த ஐந்து நிமிடத்தை மறுநாள் கேட்டு வாங்கினேன்.

நான் எட்டாவது வரை படித்தவள். நோட்டு வாங்கி, ஹிந்தியைத் தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்திலேயே அர்த்தம் எழுதினேன். அவள் சாதாரணமாகப் பேசினால் நிறுத்தச் சொல்வேன். "நல்ல ஹிந்தியாச் சொல்லு, டிவில பேசுற மாதிரி" என்பேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்ப்பாள். பிறகு மெதுவாக, சுத்தமாக, பள்ளிக்கூடத்து டீச்சர் மாதிரி சொல்லுவாள். எழுதிக்கொள்வேன். படுக்கும் முன் மனப்பாடம் செய்வேன். என் நாக்குக்கு அந்த மொழி சுலபத்தில் வழிக்கு வரவில்லை.

அவளிடம் நோட்டு கிடையாது. என் பின்னாலேயே வந்தாள், அவ்வளவுதான். நான் அரிசி களைந்தால், "அக்கா, இதுக்கு என்ன சொல்றது?" சட்டியை இறக்கினால், "இது?" குழாயடியில் நான் எதிர் வீட்டுக்காரியோடு சண்டை போட்டால் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு, "அக்கா, அவங்கள என்ன திட்டினீங்க? திருப்பிச் சொல்லுங்க" என்பாள். தலைவலிக்கு எதைத் தேய்ப்போம், குழந்தைக்குச் சளி பிடித்தால் என்ன செய்வோம், என் வீட்டுக்காரர் எப்படிச் செத்தார், மருமகள் என்ன சொல்லி அழவைத்தாள், எல்லாம் கேட்டாள். தமிழ் நேரம் என்பதால் பதில் சொல்லித் தொலைத்தேன். இரண்டு மாதத்தில் என் மகனுக்கே தெரியாத என் கதையெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது எனக்கு உறைத்தபோது உடம்பெல்லாம் எரிந்தது.

மூன்றாவது மாதம்தான் விஷயம் வெளியே வந்தது. ஆபீஸ் வாசலில் வெல்ஃபேர் ஐயா என்னைப் பார்த்து, "அந்தப் புள்ளையும் காம்பரா வேலைக்கு மனுக் கொடுத்திருக்குதுங்கோ. தமிழ் நல்லாப் பேசுதே, நீங்கதான் சொல்லிக் கொடுத்தீங்களாமா?" என்று சிரித்தார்.

அன்று சாயங்காலம் அவள் வந்தபோது கதவை மறித்து நின்றேன்.

"ஏன்டி, காம்பரா வேலைக்கா கேட்டிருக்க?"

"ஆமாக்கா."

"எங்கிட்டயே தமிழ் படிச்சிட்டு எனக்கே ஆப்பு வைக்கிறியா?"

"நீங்களும் எங்கிட்ட ஹிந்தி படிச்சிட்டுத்தான கேட்டீங்க. காம்பராவுல வேலைன்னா என் புள்ளையோட இருப்பேன். வீடும் தருவாங்க. கொட்டாயில ஒரே பாம்பு" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே வந்து எப்போதும் உட்கார்கிற இடத்தில் உட்கார்ந்து, அலாரம் வைக்கச் சொல்லிக் கையை நீட்டினாள்.

அவளைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருக்க வேண்டும். தள்ளவில்லை. தள்ளினால் என் ஹிந்தி பாதியில் நின்றுவிடும், அவள் குழாயடியில் நின்றே மீதித் தமிழைப் பிடித்துக்கொள்வாள். அவளுக்கும் என்னை விட்டால் வேறு ஆள் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு போனை எடுத்தேன். அதற்குப் பிறகு இரண்டு மாதமும் நாங்கள் பழகியது படிப்பு இல்லை, பகை. நான் தப்பாகப் பேசினால் அவள் விடமாட்டாள், அவள் தப்பாகப் பேசினால் நான் விடமாட்டேன். வெறுப்பில்தான் எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சு நன்றாக வந்தது. வேலைக்கு ஆளைத் தேர்ந்தெடுக்க ஆபீசில் வைக்கிற பரீட்சை என்றைக்கு என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்தது. அவளிடம் நான் சொல்லவில்லை.

பரீட்சை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மே மாதம் ஒரு காலை, பிள்ளைக்காம்பராவில் ஆளுக்கொரு மணி நேரம் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வெல்ஃபேர் ஐயா ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முதலில் நான்.

மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று வந்ததிலிருந்து அழுதுகொண்டிருந்தது. இதற்காகவே காத்திருந்தவள் போலப் போய்க் குனிந்தேன். முட்டி உயிரை எடுத்தது. "க்யா ஹுவா பேட்டா? கஹான் தர்த் ஹை?" என்றேன். என்ன ஆச்சு, எங்கே வலிக்கிறது. ஒரு எழுத்து பிசகவில்லை. ஐயா தலையை ஆட்டினார். குழந்தை என்னை வெறித்துப் பார்த்துவிட்டு இன்னும் வீறிட்டு அழுதது. மறுபடி மெதுவாகச் சொன்னேன். பிறகு சத்தமாகச் சொன்னேன். சத்தமாகச் சொன்னால் புரிந்துவிடும் என்று நினைக்கிற ஆட்களைப் பார்த்து நானே சிரித்திருக்கிறேன். மற்ற குழந்தைகளும் சேர்ந்து அழ ஆரம்பித்தன. ஒன்றுக்கும் நான் சொன்னது விளங்கவில்லை. அந்த ஒரு மணி நேரமும் அப்படியே போயிற்று.

அடுத்து அவள் வந்தாள். அந்தக் குழந்தையின் முன்னால் குந்தி இரண்டே வார்த்தை சொன்னாள். அது ஹிந்தி இல்லை, தமிழும் இல்லை. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுக் காதைப் பிடித்துக் காட்டியது. அவள் எட்டிப் பார்த்துவிட்டு ஐயாவிடம் திரும்பினாள்.

"காதுல சீழ் வச்சிருக்குதுங்க ஐயா. டிஸ்பென்சரிக்கு அனுப்பணும். சும்மா விட்டா புள்ள செவிடாப் போயிரும்."

சொன்ன தோரணை என்னுடையது. இழுவை என்னுடையது. பிறகு நம் தமிழ்ப் பிள்ளை ஒன்று பக்கத்துப் பிள்ளையைக் கடித்தபோது அவள் அதட்டிய வார்த்தையும் குழாயடியில் நான் பேசியதுதான். வாசலில் நின்ற பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

கடைசியில் குழந்தைகளை வரிசையாக நிறுத்தி முகம் கழுவிவிட்டாள். ஒவ்வொரு இடத்தையும் தொட்டு அவர்கள் பாஷையில் பெயர் சொல்ல வைத்தாள். கண்ணைத் தொட்டால் கன் என்றார்கள். பல்லைக் காட்டினால் பல் என்றார்கள். ஒருத்தனைப் பார்த்து நீ என்பதற்கு நீன் என்றாள். நாக்கை முறித்து, நோட்டு எழுதி, ஐந்து மாதம் நான் படித்தது எனக்கும் அந்நியம், இந்தக் குழந்தைகளுக்கும் அந்நியம். என் வாயில் பாதி ஏற்கனவே இருந்த பாஷை ஒன்று ஐந்து மாதமாக என் எதிரில் உட்கார்ந்திருந்திருக்கிறது.

வெளியே வந்ததும் அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அது என்ன பாஷைடி?"

"எங்க வீட்டு பாஷைக்கா. குடுக்னு பேரு."

"இத்தன நாளா ஏன்டி சொல்லல?"

"நீங்க ஹிந்தி கேட்டீங்க, குடுத்தேன்" என்றாள். பிறகு கையை விடுவித்துக்கொண்டாள். "வேற என்ன கேட்டீங்க? என் புள்ளைக்கு என்ன வயசுன்னு கேட்டீங்களா?"

தெரிந்தேதான் மறைத்தாள் என்று இன்றும் நம்புகிறேன். நானாக இருந்தாலும் மறைத்திருப்பேன். அந்தக் குழந்தை தினமும் என் வீட்டுத் தரையில் தவழ்ந்து, நான் கொடுத்த வர்க்கியைத் தின்று, என் கண் முன்னால்தான் நடக்கப் பழகியது. அதன் வயது எனக்குத் தெரியாது.

வேலை அவளுக்குப் போயிற்று. அதே மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்யச் சொல்லி எனக்குக் கடிதம் வந்தது. வீடு யாருக்கு என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் காலியாக இருந்தது அது ஒன்றுதான்.

சாவி வாங்க அவள் குழந்தையோடு வந்தாள். பாயும் ஒரு தகரப் பெட்டியும் கொண்டு வந்திருந்தாள். எல்லா அறையும் சுற்றிப் பார்த்தாள். ஏற்கனவே அவளுக்கு அத்துப்படியான வீடுதான். கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அக்கா, மழை வந்தா எங்க ஒழுகும்?"

தடுமாற்றம் இல்லாத தமிழ். எப்போதும் போலக் கேள்வி. நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

"வந்தாத் தெரியும்" என்றேன்.

மஞ்சூரில் பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு, அவள் எங்கே பாயை விரிப்பாள் என்று நினைத்துப் பார்த்தேன். குழந்தை வைத்திருக்கிற யாரும் அடுப்பங்கரைச் சுவரோரம்தான் விரிப்பார்கள். அங்கேதான் கதகதப்பு. என் மகனையும் நான் அங்கேதான் போட்டேன். கூரை ஒழுகுவதும் அந்த மூலையில்தான், நேராகத் தலைமாட்டில். ஒரு தகரத்தை ஓட்டுக்கு அடியில் சொருகி வைக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் நான்தான் சொருகுவேன். அந்த வருடம் சொருகவில்லை.

அவள் நம்பர் என் போனில் இருக்கிறது. திருப்பூருக்கு வந்து சேர்ந்த பத்தாம் நாள் மலையில் மழை பிடித்துவிட்டது என்று டிவியில் சொன்னார்கள். குந்தா பக்கம் நல்ல மழை என்றார்கள். மருமகள் சத்தத்தைக் குறைக்கச் சொன்னாள், குறைத்தேன். போனைக் கையில் எடுத்தேன். கூப்பிடவில்லை.