இரண்டு காபரேற்றர்களின் மூச்சு

குலேந்திரனுக்குத் தன் காதில் இருந்த நம்பிக்கை கண்ணில்கூட இருந்ததில்லை. புலம்பெயர்ந்து வந்த ஐரோப்பிய நாட்டில், இக்காஸ்ட் என்ற ஊரில், ஒரு துணி ஆலையில் பதினாறு வருடம் தறி ஓட்டியவர். நாற்பது தறிகள் ஒரே கூரையின் கீழ் இடித்துக்கொண்டிருக்கும்போது, எந்தத் தறியில் நூல் அறப்போகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். காதடைப்பான் கொடுத்தால் வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். அதைச் செருகினால் தறி சொல்வது கேட்காது என்பது அவருடைய நியாயம். ஆலை மூடப்பட்டு, குடும்பத்தோடு ஹோர்சன்ஸ் நகருக்கு வந்து, ஒரு பொருட்களஞ்சியத்தில் போர்க்லிப்ட் என்ற சுமைதூக்கி வண்டி ஓட்டத் தொடங்கிய பிறகும் அந்தப் பெருமை குறையவில்லை.

ஐம்பத்தாறாவது வயதில் அவர் ஒரு பழைய கார் வாங்கினார். அறுபத்தாறாம் ஆண்டுச் சுவீடன் கார், சாம்பல் நிறம். ஏன் என்று கேட்டவர்களுக்கு, "எஞ்சின் மூடியைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். கொம்பியூட்டர் ஒண்டும் இல்லை" என்றார்.

அந்த எஞ்சினில் இரண்டு காபரேற்றர்கள். முன்னது முதல் இரண்டு சிலிண்டர்களுக்கும், பின்னது மற்ற இரண்டுக்கும் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும். இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். காற்றைக் கூட இழுக்கிற பக்கம் பெட்ரோலையும் கூட இழுக்கும் என்பதால், காற்று சமமான பிறகுதான் பெட்ரோலில் கை வைக்கலாம். அதைப் பார்க்க ஒரு ரப்பர் குழாய் போதும். ஒரு நுனியைக் காபரேற்றரின் வாயில் வைத்து மறு நுனியைக் காதில் வைத்தால் காற்று 'உஸ்' என்று இழுபடுவது கேட்கும். முன்னதிலும் பின்னதிலும் ஒரே சத்தம் வரும்வரை திருகாணியைத் திருப்ப வேண்டும். காதை நம்பிச் செய்யும் வேலை. தனக்கென்றே செய்துவைத்த வேலை என்று குலேந்திரன் நினைத்தார்.

ஆனால் இரண்டு வருடமாக அது சரிவரவில்லை. பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தால் முன்னிரண்டும் பெட்ரோல் கூடிக் கரி பிடித்துக் கறுத்திருக்கும். பின்னிரண்டும் பெட்ரோல் போதாமல் வெளிறிப்போய் இருக்கும். காபரேற்றர்களின் மிதவையை மாற்றினார், ஊசிகளை மாற்றினார், கடைசியில் இப்போது விற்கிற பெட்ரோலையே குற்றம் சொன்னார். காற்றில் மட்டும் அவருக்குச் சந்தேகம் வரவே இல்லை. அதைக் கேட்டுச் சரிபார்த்தது அவருடைய காது அல்லவா?

மனைவி சுஜீதாவுக்குச் சந்தேகம் வேறு இடத்தில் இருந்தது. அவர் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். காலையில் பத்துப் பன்னிரண்டு பேருக்குக் காதுக்கருவி பொருத்திவிடுகிற கை. வீட்டில் தொலைக்காட்சியின் சத்தம் ஏறிக்கொண்டே போவதையும், சமையலறையிலிருந்து கேட்டதற்கு வரவேற்பறையிலிருந்து வேறு ஏதோ பதில் வருவதையும் அவர் கவனித்திருந்தார். ஒருநாள் மெல்லச் சொல்லியும் பார்த்தார்.

"ஒருக்கால் டொக்டரிட்டைக் காதைக் காட்டினால் என்ன?"

"ஏன், நான் என்ன உம்மடை இல்லத்திலை இருக்கிற ஆளே?" என்றவர் எழுந்து காரைப் பார்க்கப் போய்விட்டார்.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பிரெடெரிசியா நகரில் உறவுக்காரப் பிள்ளையின் சாமத்தியவீடு, பூப்பு நீராட்டு விழா. குலேந்திரன் பழைய காரில்தான் போவது என்று பிடிவாதமாக நின்றார். சுஜீதா காஞ்சிபுரச் சேலையோடு ஏறி உட்கார்ந்தார். நெடுஞ்சாலையை விட்டுப் பழைய தெருவால் போனார்கள். ஹெடன்ஸ்டெட் என்ற ஊரைத் தாண்டியதும் எஞ்சின் உதறத் தொடங்கியது. ஒரு சுற்றுவட்டத்தில் நின்றே போனது. எப்படியோ மீண்டும் கிளப்பி, ஒரு பஸ் தரிப்பிடத்தில் ஒதுக்கினார்.

மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு, எஞ்சினின் ஆட்டத்தைப் பார்ப்பதற்காக ஓரடி பின்னால் வைத்தார், பிறகு இன்னோரடி. இரண்டாவது அடி தெருவில் விழுந்தது.

மின்சாரக் கார் ஒன்று வளைவால் வந்துகொண்டிருந்தது. தார் ரோட்டில் டயர் உரசும் மெல்லிய இரைச்சலைத் தவிர அதற்குச் சத்தமே இல்லை. சுஜீதா கூப்பிட்டார். குலேந்திரன் திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டார். மூன்றாம் முறை கூப்பிட்டபடியே ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தார். கார் ஒடித்துத் திரும்பி, ஒரு முழத்தில் தப்பிப் போனது. ஓட்டி வந்த பெண் தள்ளி நிறுத்தி, வெளிறிய முகத்தோடு திரும்பிப் பார்த்தாள். சுஜீதா கையை உயர்த்தி மன்னிப்புக் கேட்டார்.

எஞ்சின் இன்னும் விக்கிக்கொண்டிருந்தது.

"மூண்டு தரம் கூப்பிட்டனான்" என்றார் சுஜீதா.

குலேந்திரன் டிக்கியைத் திறந்து ரப்பர் குழாயை எடுத்தார். முன் காபரேற்றரில் வைத்துக் கேட்டார், பிறகு பின்னதில். இரண்டிலும் ஒரே சத்தம்தான், எப்போதும்போல. தூரத்தில் எங்கேயோ காற்றடிப்பதுபோல ஒரு மந்தமான முழக்கம். முதன்முறையாக அவருக்கு அந்த ஒற்றுமையைக் கண்டு பயமாக இருந்தது. குழாயை மனைவியிடம் நீட்டினார்.

"நீர் ஒருக்கால் கேட்டுப்பாரும். எனக்கு இரண்டும் ஒண்டாத்தான் கேக்குது."

சுஜீதா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தார்.

"முன்னுக்கு உள்ளது பாம்பு மாதிரிச் சீறுது." குழாயை மாற்றி வைத்தார். "இது மெல்லமா மூச்சு விடுது. இரண்டும் எப்பிடி ஒண்டாகும்?"

"வடிவாக் கேட்டனீரோ?"

"ஓம்."

குலேந்திரன் திருகாணியில் கை வைத்தார். "ஒரே மாதிரி வந்தவுடனை சொல்லும்."

"இன்னும் இல்லை... இன்னும் கொஞ்சம்... கூடிப்போச்சு, திருப்பி விடுங்கோ. ம், இப்ப சரி."

பிறகு பெட்ரோலின் அளவைக் கால் கால் சுற்றாகக் குலேந்திரன் குறைத்தும் கூட்டியும் பார்த்தார். அதற்குக் காது தேவைப்படவில்லை. எஞ்சினின் ஆட்டம் கையிலேயே தெரிந்தது. உதறல் அடங்கி, எஞ்சின் ஒரே சீராக ஓடியது. சாமத்தியவீட்டுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிகிற நேரம். ஏன் பிந்தியது என்று கேட்டவர்களிடம், "கார் நிண்டுபோச்சு" என்று மட்டும் சொன்னார்கள்.

திங்கட்கிழமை காலையில் குலேந்திரனே மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தார். மூன்று மாதம் கழித்துப் பரிசோதனைக்கு நாள் கிடைத்தது. காது பரிசோதிக்கிற கத்தரீனா என்ற இளம்பெண் அவரைக் கண்ணாடி அறைக்குள் இருத்தி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னாள். முதலில் மளமளவென்று அழுத்தினார். பிறகு ஒன்றும் வரவில்லை. கண்ணாடிக்கு அப்பால் அவள் விரல்கள் வேலை செய்துகொண்டே இருந்தன. தனக்கு எட்டாத சத்தங்கள் வரிசையாக வந்து போகின்றன என்று விளங்கியபோது, அவர் பொத்தானிலிருந்து விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மெல்லிய, கூர்மையான சத்தங்களெல்லாம் போய்விட்டன என்று அவள் கோடு வரைந்து காட்டினாள். "பெரிய சத்தமுள்ள இடத்தில் வேலை செய்திருக்கிறீர்களா?" என்று கேட்டாள். அவர் தறிகளைப் பற்றிச் சொன்னார். சட்டைப் பைக்குள் போட்ட காதடைப்பான்களைப் பற்றியும் சொன்னார். அதை அவர் அதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை.

காதுக்கருவி போட்ட முதல் கிழமை ஏழு நாளும் அவருக்குக் கோபம் கோபமாக வந்தது. பேப்பர் புரட்டினால் கிழிகிற சத்தம். குளிர்சாதனப்பெட்டி ஓயாமல் முணுமுணுத்தது. இரண்டாவது கிழமை, சுஜீதா அரிசி கழுவுவதை அவர் அடுத்த அறையிலிருந்து கேட்டார். எழுந்து வந்து, சமையலறை வாசலில் சும்மா நின்றார்.

"என்ன வேணும்?" என்றார் சுஜீதா.

"ஒண்டுமில்லை. நீர் கழுவும்."

கருவியோடு குழாயைக் காதில் வைத்தால் கீச்சென்று கத்தியது. கார்ச் சங்கத்தில் ஒருவர் சொன்னதைக் கேட்டு, காற்றை அளக்கிற சின்ன மானி ஒன்றை வாங்கினார். இலையுதிர் காலத்து ஞாயிறு ஒன்றில் அதை முன் காபரேற்றரின் வாயில் பொருத்தினார். முள் ஏறி ஐந்தில் நின்றது. கழற்றிப் பின்னதில் பொருத்தினார். அங்கும் ஐந்து. தெரு ஓரத்தில், சேலையோடு குனிந்து நின்று சுஜீதா கேட்டுச் சொன்ன அளவு அது. குலேந்திரன் இன்னொரு தரம் அளந்து பார்த்தார். பிறகு திருகாணியைத் தொடாமலே மூடியைச் சாத்தினார்.