பின்னறையில் கிடந்த சீனி மூட்டைகள்

சுங்கை லாலாங்கில் நம் கடையை வாங்கிய புதிதில், வாசலில் எந்த வேன் வந்து நின்றாலும் அதிகாரிகளோ என்று எட்டிப் பார்ப்பேன். நீங்கள் அப்போது சின்னப் பிள்ளைகள். உங்களிடம் சொல்லவில்லை.

கடையை நமக்கு விற்ற பாய், மகளோடு இருக்க அலோர் ஸ்டார் போனார். போகும்போது சொன்னார்: "தம்பி, லைசென்ஸ் கடைக்கு இல்ல, ஆளுக்குத்தான். என்னோடத ஒப்படைச்சிட்டேன். உங்க பேர்ல தற்காலிக லைசென்ஸ் வர்ற வரைக்கும் சீனி, மாவு, பாக்கெட் எண்ணெய் ஒண்ணும் வித்துடாதீங்க, அதெல்லாம் கவர்மெண்ட் கட்டுப்பாட்டுச் சாமான். அதிகாரி புடிச்சா சாமானையும் அள்ளிடுவான், கடையையும் மூடிடுவான்."

மனு கொடுத்திருந்தேன். பதில் இல்லை. தொழிற்சாலை வேலையையும் விட்டாயிற்று. கடை போனால் நமக்கு வேறு வழி கிடையாது. கண்ணில் பட்டால்தானே கேட்பார்கள் என்று கடையோடு வந்த அந்தச் சாமானையெல்லாம் பின்னறைக்கு நகர்த்தி, மேலே தார்ப்பாய் போட்டு மூடினேன். உங்கள் அம்மா கதவைப் பூட்டினாள்.

தீபாவளி நெருங்கியது. தோட்டத்திலிருந்து ஓர் அக்கா பலகாரத்துக்குச் சீனி கேட்டு வந்தார்.

"சீனி இல்லக்கா."

"இல்லயா? நேத்து அந்தக் கதவு தொறந்திருந்தப்ப மூட்டை மூட்டையா பாத்தேன் லா."

"லைசென்ஸ் இன்னும் வரலக்கா. விக்கக் கூடாது."

"பாய் இருந்தப்ப இந்தக் கதையெல்லாம் இல்லயே. பெருநாளுக்கு வெல ஏத்தலாம்னு பதுக்கி வச்சிருக்கீங்க, பெரிய முதலாளி! இருங்க, அதிகாரிங்களுக்குப் போன் போட்டுச் சொல்றேன்."

பதுக்கல்! விற்றால் குற்றம் என்று பயந்துதான் மறைத்தேன். மறைத்தது இன்னும் பெரிய குற்றமாகத் தெரியும் என்று தோன்றவே இல்லை. வெளியே எடுத்து வைத்தால் விற்கிறான் என்பார்கள். பாய்க்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை.

மறுநாள் வேன் வந்தது. அக்கா சொல்லி வந்தார்களா, தானாக வந்தார்களா, இன்றுவரை தெரியாது. இரண்டு அதிகாரிகள். பின்னறையைத் திறக்கச் சொன்னார்கள். வேறு ஏதோ சாவியைப் பூட்டுக்குள் திணித்துக்கொண்டிருந்தேன். அம்மாதான் வாங்கித் திறந்தாள். தார்ப்பாயை விலக்கிய அதிகாரி மூட்டைகளை விட்டு என்னைப் பார்த்தார். ஏன் மறைத்தாய் என்று மலாயில் கேட்டார்.

"தாக்குட், துவான்" என்றேன். பயம் ஐயா என்று.

அம்மா மனுவின் ரசீதை எடுத்து நீட்டினாள். அவர் வெளியே போய் அலுவலகத்துக்குப் பேசினார். திரும்பி வந்தவர், "மனு வந்திருக்காம். எல்லாத்தையும் முன்னால எடுத்து வை. விற்பனைக்கு இல்லைன்னு எழுதி ஒட்டு. ஒரு பாக்கெட் குறைஞ்சாலும் மொத்தமும் எங்களோடது" என்றார்.

அதன் பிறகு கடை நிறையச் சீனியை வைத்துக்கொண்டு, நம் வீட்டுப் பலகாரத்துக்கு பாக்கார் ஆராங்கில் வேறு கடைக்குப் போய்ச் சீனி வாங்கினாள் அம்மா. நான் கடையை விட்டு நகரவே இல்லை. யாராவது மூட்டைப் பக்கம் சாய்ந்து நின்றாலே எழுந்துவிடுவேன்.

பெருநாள் முடிந்து லைசென்ஸ் வந்தது. சுவரில் மாட்டியதும் அந்த அக்கா எண்ணெய் வாங்க வந்தார்.

"வந்துருச்சாண்ணே?"

"தற்காலிகம்தான்க்கா."

"அப்ப மறுபடி எப்ப பூட்டுவீங்க?" என்று சிரித்தார்.

அம்மாவும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் காகிதத்தின் அடியில் முடிவுத் தேதி போட்டிருந்தது. பாக்கெட்டை எடுத்துக் கொடுக்கும்போதும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.