பத்து எண்ணுவதற்குள்

நட்டு என்பது நண்பர்கள் வைத்த பெயர். லிஃப்ட் மெக்கானிக்கான அவர், கழற்றிய நட்டுகளைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டே பேசுவார். முப்பத்திரண்டு வருடத்தில் ஒன்றைக்கூட விழுங்கியதில்லை. யார் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் முதலில் அந்தக் கட்டடத்தின் லிஃப்ட்டில் ஒரு தடவை ஏறி இறங்கி, "கயிறு முனகுது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்.

போன குளிர்காலத்தில் ஏணியிலிருந்து விழுந்து வலது முட்டி உடைந்தது. இனி ஏறி இறங்க வேண்டாம், புகார் போன்களை எடுக்கலாம் என்று ஆபீசில் ஜன்னலோரமாக ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அந்த நாற்காலியைப் பார்த்தாலே அவருக்கு முதுகு அரித்தது.

"சனிக்கிழமை எப்பவும் போற மலைக்குப் போறோம்ல, அருவி வரைக்கும் என் காலாலேயே போய் வந்துட்டா பழைய வேலைக்கே போவேன். இல்லேன்னா வாயை மூடிட்டு உட்கார்றேன்" என்று மனைவியிடம் சொன்னார்.

கூட வந்தவர்கள் இரண்டே பேர். இருபது வருடமாக அவரோடு ஜோடியாக வேலை பார்க்கும் நெட்டை. பேக்கரி வைத்திருக்கும் மைத்துனர். காலையிலிருந்தே மழை. பள்ளத்தாக்குப் பாதை முழுக்க மஞ்சள் இலைகள் ஊறிப்போய்க் கிடந்தன.

"வெயில் அடிக்கிற நாளா பாத்துப் போனா உங்க முட்டி கோச்சுக்குமா மாமா?" என்றார் மைத்துனர்.

நெட்டை நட்டுவின் பையை வாங்கக் கை நீட்டினார்.

"தொட்டே, கையை ஒடிச்சுடுவேன்."

"இப்பதான் கால் ஒட்டியிருக்கு. அதுக்குள்ள அடுத்தவன் கையா?"

இரண்டு மணி நேரம் நட்டு நன்றாகவே நடந்தார். பிறகு ஓடை வந்தது. தண்ணீர் கணுக்காலளவுதான். ஆனால் அக்கரை நெஞ்சு உயரத்துக்கு அறுபட்டு நின்றது. மரவேர்களைப் படியாக மிதித்துத்தான் ஏற வேண்டும். "மேல பாதை சரிஞ்சிருக்கான்னு பாத்துட்டுக் கூப்பிடறேன்" என்று நெட்டை ஏறி, வளைவைத் தாண்டிப் போனார். நட்டு ஓடைக்குள் இறங்கிக் கரையடியில் நின்றார்.

அவர்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. லிஃப்ட்டுக்கு அடியிலுள்ள குழியில் ஒருவர், மேலே ஸ்விட்ச் பக்கத்தில் ஒருவர். மேலிருப்பவர் கூப்பிடாமல் கீழிருப்பவர் ஏறக்கூடாது. கீழிருப்பவர் "வந்துட்டேன்" என்று சொல்லாமல் மேலிருப்பவர் அசையக்கூடாது.

பாதையைப் பார்த்துவிட்டு நெட்டை கூப்பிட்டார். அந்தச் சத்தத்தை ஓடை விழுங்கிவிட்டது. கூப்பிடவில்லையே என்று இவர் கீழே நின்றார். பதில் வரவில்லையே என்று அவர் மேலே நின்றார்.

"ஏறிப் போங்களேன் மாமா!"

"அவன் கூப்பிடல."

"கூப்பிட்டாத்தான் போவீங்களா? இது என்ன மாமியார் வீடா?"

இருபது நிமிடம் ஆயிற்று. கடைசியில் மைத்துனரே ஏறிப் போய், கம்பம் மாதிரி நின்ற நெட்டையை இழுத்துவந்தார். "உங்க ரெண்டு பேரையும் கடையில வெச்சா, மாவு புளிச்சு வெளியே நடந்து வந்துடும்!"

நெட்டை கரைமேல் நின்று, "வெளியே வா!" என்றார்.

நட்டு காலைத் தூக்கினார். குளிர்ந்த தண்ணீரில் நின்ற முட்டி கட்டையாகியிருந்தது. வேரைப் பிடித்து, உடம்பை இழுத்து, ஒருவழியாக மேலே வந்தார். நெட்டை கை கொடுக்கவில்லை. அவருடைய உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன.

"பதினேழு" என்றார்.

நட்டுவுக்குப் புரிந்தது. கூப்பிட்டால் பத்து எண்ணுவதற்குள் குழியை விட்டு வெளியே வர வேண்டும். அதுவும் விதிதான்.

"அருவியைத் தொட்டு என்னடா பண்ணப் போற? உனக்கு நடக்கறதுக்கா சம்பளம்? குழியில நின்னு நின்னு இப்படி இறுகிப் போனா, மேல இருக்கற நான் என்ன பண்றது?"

நட்டு பையைக் கழற்றி வைத்தார். திரும்பவும் ஓடைக்குள் இறங்கினார்.

"மணி பாரு. இருபது நிமிஷம் நிக்கறேன். அப்புறம் கூப்பிடு."

"அக்காகிட்ட நான் என்ன சொல்றது?" என்று மைத்துனர் தலையில் கை வைத்தார்.

"மழை பெஞ்சுதுன்னு சொல்லு."

இந்தத் தடவை நட்டு சும்மா நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்து, வீட்டில் வெட்கப்பட்டுச் செய்யாமல் விட்ட பயிற்சியைச் செய்தார்: குதிகாலை உயர்த்தி, முட்டியை மடக்கி, நீட்டி. நெட்டை கூப்பிட்டார். நட்டு ஏறினார்.

"பன்னெண்டு."

"பத்துன்னே வெச்சுக்கலாம் அண்ணே. மழையில ரெண்டு கரைஞ்சு போச்சு" என்றார் மைத்துனர்.

"பன்னெண்டு."

நட்டுவுக்குக் கோபம் வரவில்லை. இடம் மாறி நின்றிருந்தால் தானும் அப்படித்தான் எண்ணியிருப்பார். மறுபடியும் இறங்கினார். நிற்கும்போதே வேர்களைப் பார்த்து வைத்தார்: முதல் வேருக்கு இடது கால், இரண்டாவதைத் தாண்டி நேரே மூன்றாவது. மழை வலுத்தது. விரல்கள் மரத்துப்போயின. முட்டியை மட்டும் அவர் விடாமல் அசைத்துக்கொண்டே இருந்தார்.

"வெளியே வா!"

"வந்துட்டேன்!"

இரண்டடி தூரத்தில் நின்ற நெட்டையிடம், ஐந்து மாடிக்குக் கேட்கிற மாதிரி கத்தினார்.

"ஒம்பது" என்றார் நெட்டை.

அருவிக்கு இன்னும் ஒரு மணி நேர நடை இருந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ரொட்டியைத் தின்றுவிட்டு இறங்கினார்கள்.

சாயங்காலம், "அருவி வரைக்கும் போகல" என்று கேட்டதும் மனைவிக்கு முகம் மலர்ந்தது. நட்டு நடந்ததையெல்லாம் சொல்லச் சொல்ல, மலர்ந்த முகம் கூடவே வீடு வரை வந்திருந்த நெட்டையின் பக்கம் திரும்பியது.

"நண்பராச்சேன்னு கொஞ்சம் விட்டுக்கொடுத்து எண்ணினீங்களா அண்ணே?"

"ஸ்விட்ச்சுல கை வெக்கப் போறவன் நான், தங்கச்சி. விட்டுக்கொடுத்தா அப்புறம் நான் எப்படித் தூங்கறது?"

மனைவி கணவரிடம் துண்டை நீட்டினார்.

"திங்கக்கிழமை ரெண்டு பேரும் எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"