ஒன்பது வயதுக்கு அனுமதி இல்லை

எங்கள் விளையாட்டில் யார் யாராக வரலாம் என்று முடிவு செய்கிற அதிகாரம் என் கையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு நான் ஆடிய ஆட்டத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

இரண்டாயிரங்களின் நடுவில் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையருக்கும் தையல் செக்ஷனுக்கும் நடுவே நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை. துணி, நிறம், பட்டன் எல்லாவற்றுக்கும் சாம்பிள் அனுப்பி அப்ரூவல் வாங்க வேண்டும். ரிஜெக்ட் ஆனால் ஒற்றை வரியில் காரணம் வரும். அதில் தயவு தாட்சண்யமெல்லாம் இருக்காது.

அந்த விளையாட்டை ஒரு பிரவுசிங் சென்டரில், இணையத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி மந்திரக் காடு, மலை என்று அலைவார்கள். வாள்வீரன், மந்திரவாதி, திருடன், குள்ளன் என்று விதிகளில் ஏகப்பட்ட வகை. எதை அனுமதிப்பது, எதை விலக்குவது என்பது கதை நடத்துகிறவர் பாடு. செய்கிற காரியம் பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும், சின்ன எண் வந்தால் தோல்வி. அந்தப் பகடைக்கு எங்கே போவது? பனியனில் தொங்கவிட்டு மிச்சமான டேக் அட்டைகளில் ஒன்று முதல் இருபது வரை எழுதி, பாலிபேக்கில் போட்டுக் குலுக்கி எடுப்போம். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆளில்லாத சாம்பிள் ரூமில் நாலு பேர் கூடுவோம்: நான், சாம்பிள் தைக்கிற மதுரைக்காரர், கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போடுகிறவர், புதிதாகச் சேர்ந்திருந்த கட்டிங் சூப்பர்வைசர். சூப்பர்வைசருக்கு வெள்ளகோவில் பக்கம். வீரபாண்டியில் வாடகை வீடு. தானாக எதுவும் பேசமாட்டார்.

அவரவர் பாத்திரத்தை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னேன். தொழில் புத்தி விடுமா? சிவப்பு மையில் கமெண்ட்ஸ் எழுதினேன். பறக்கிற ஆள் ரிஜெக்ட், அப்புறம் மலை எதற்கு? கண்ணுக்குத் தெரியாத திருடனும் ரிஜெக்ட். மாட்டுத்தலை மனிதன்தான் வேண்டும் என்று மதுரைக்காரர் ஒரு வாரம் மல்லுக்கட்டினார், போனால் போகிறது என்று விட்டேன். அதிலெல்லாம் எனக்கு வருத்தமில்லை.

சூப்பர்வைசர் எழுதியிருந்தது ஒன்பது வயதுப் பெண். ஆயுதம் கிடையாது, கையில் ஒரு டார்ச் லைட். நன்றாக ஓடுவாள், இருட்டுக்குப் பயப்படமாட்டாள். அவ்வளவுதான்.

அப்போது பையர்களின் ஆடிட்காரர்கள் வந்து ஒவ்வொரு தொழிலாளியின் வயதுச் சான்றையும் துருவிக்கொண்டிருந்த காலம். பதினெட்டு என்ற எண் எங்கள் தூக்கத்திலும் வரும். நான் யோசிக்கவே இல்லை. "வயது பதினெட்டுக்குக் கீழ். அனுமதி இல்லை" என்று எழுதிவிட்டு, "ஆடிட்ல மாட்டுனா நம்ம மந்திரக் காட்டையே மூடிருவாங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

"செரிங்க, மாத்திக்கறேனுங்க" என்று தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு வாள்வீரனை எழுதித் தந்தார்.

நாலு மாதம் தவறாமல் வந்தார். பிறகு ஒரு ஞாயிறு, மலை ஏறும்போது சீட்டில் மூன்று வந்து, அவருடைய வாள்வீரன் விழுந்து செத்தான். வேறு ஆளை எழுதிக்கொண்டு வாருங்கள் என்றேன். அடுத்த இரண்டு வாரமும் அவர் வரவில்லை. மூன்றாம் ஞாயிறு கூப்பிட்டுப் போகலாம் என்று அவர் வீட்டுக்கே போனேன்.

அவர் கடைக்குப் போயிருந்தார். அவர் மனைவி சேர் போட்டுத் தண்ணீர் கொடுத்தார். நான் யாரென்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நீங்கதானுங்களா அண்ணா அந்தக் கதைய நடத்தறது? பாப்பா மலையத் தாண்டீட்டாளுங்களா? ரண்டு வாரமாக் கேக்கறேன், இன்னும் ஏறிட்டேதான் இருக்கறாங்கறாரு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம்தான் சுவரைப் பார்த்தேன். பள்ளி யூனிபார்மில், ரெட்டைச் சடையோடு ஒரு குழந்தை. படத்துக்கு மாலை போட்டிருந்தது.

"காய்ச்சல்ல போயிட்டாளுங்க. மூணு வருசமாச்சு. இருந்திருந்தா இப்ப ஒம்பதுங்க" என்றார். "அந்த வெளையாட்டுல அவளைச் சேத்திக்கிட்டாங்கன்னு சொன்னப்ப எனக்கு அழுகையே வந்துருச்சுங்க அண்ணா. ஞாயித்துக்கெழமையானா அவரு வந்து அவ என்ன பண்ணுனான்னு சொல்றதுக்காகக் காத்திருப்பேனுங்க."

"தாண்டீட்டாளுங்க" என்றேன்.

"கூட ஆளு இருக்கறாங்களா?"

"நாங்க எல்லாரும் இருக்கறமுங்க."

ஒரு வரியில் அந்தக் குழந்தையை வெளியே நிறுத்தியவன் நான். சேரின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காய்கறிப் பையோடு அவர் உள்ளே வந்தார். மனைவி முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் எழுந்து கிளம்ப, பையை வைத்துவிட்டுத் தெருமுனை வரை கூட வந்தார்.

"அந்தப் பேப்பரை அடுத்த வாரம் கொண்டாங்க. பாப்பா வரட்டும். நான் எழுதுனது தப்புங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "வேண்டாமுங்க. அன்னைக்கே சேத்தியிருந்தீங்கன்னா சந்தோசமாக் கூட்டீட்டு வந்திருப்பேன். அதுல சாகறதும் உண்டுன்னு எனக்கு அப்பத் தெரியாதுங்க. இப்பத் தெரிஞ்சுபோச்சு. நான் சொல்ற கதையிலயே இருந்துட்டுப் போகட்டுமுங்க."

பாப்பாவுக்கு மட்டும் சீட்டே எடுக்காமல் விட்டுவிடலாம் என்று சொல்ல நினைத்தேன். என் மன்னிப்பு அவருக்கு எதற்குப் பயன்படும்?

அவரே நின்று கேட்டார். "தாண்டீட்டான்னு சொல்லிப்போட்டீங்க. மலைக்கு அந்தப் பக்கம் என்னுங்க இருக்குது? நான் போயிச் சொல்லோணுமே."

நான் அதுவரை யோசித்திருக்கவில்லை. தெருவிலேயே நின்று, தோன்றியதைச் சொன்னேன். புல்வெளி. அதைத் தாண்டி ஒரு ஆறு. அக்கரையில் ஒரு ஊர். மனப்பாடம் செய்வதற்காக அவர் ஒவ்வொன்றையும் வாய்க்குள் திருப்பிச் சொல்லிக்கொண்டார்.

"ஆறு ஆழமில்லீங்களே?" என்று கேட்டார்.

"இல்லீங்க. முழங்கால் அளவுதான்."