ரோஸ்லினுக்காக நான் செய்த ஜெபம்

1. எக்ஸ்ரே

குவைத் வேலைக்கான மெடிக்கலில் எனக்கு ‘அன்ஃபிட்’ என்று வந்தது. சின்ன வயதில் வந்து குணமான காசநோய் நுரையீரலில் ஒரு வடுவை விட்டுப் போயிருந்தது.

“இப்ப நோயெல்லாம் இல்லம்மா. ஆனா வடு இருந்தாலே அங்க எடுக்க மாட்டாக,” என்றார் ஏஜென்ட்.

கூட வந்த என் தோழி ரோஸ்லினுக்கு ‘ஃபிட்’.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நர்சிங்கில் வகுப்பிலேயே முதலிடம். ஊசி போடும்போது ரோஸ்லினுக்கு நரம்பு அகப்படாவிட்டால் என்னைத்தான் கூப்பிடுவாள். அவள் விமானம் ஏறினாள். நான் அருப்புக்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் சேர்ந்தேன்.

அந்த வருடத் தொடக்கத்தில், புத்தாண்டு ஆராதனையில் ஆளுக்கொன்றாக எடுக்கும் வாக்குத்தத்த அட்டைகளில் எனக்கு வந்ததில் திறந்த வாசலைப் பற்றிய வசனம் இருந்தது. அதை விசா என்றே எடுத்துக்கொண்டேன். வாசல் திறந்தது, அவளுக்கு.

2. கூழ்

டயாலிசிஸ் நோயாளிகள் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். நரிக்குடிப் பக்கமிருந்து வரும் பாக்கியம் அக்காவுக்கு ஒவ்வொரு முறையும் உடம்பில் நீர் தங்கி எடை ஏறிக்கொண்டே வந்தது. ஒரு நாள் படுக்கவே முடியாமல் மூச்சு வாங்கியது.

“தண்ணி நிறையக் குடிக்கிறீகளாக்கா?”

“மாதா மேல சத்தியமா ஒரு டம்ளருக்கு மேல குடிக்கல சிஸ்டர்.”

அவர் கணவர் சிரித்தார். “அப்ப எடை மெஷினுதேன் பொய் சொல்லுதாக்கும்.”

“நீங்க சும்மா இருங்க,” என்று அவரை அடக்கினார் அக்கா.

அவர் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. எங்கள் வீட்டு அடுப்படி நினைவுக்கு வந்தது. “காலையில என்ன சாப்டீக?” என்று கேட்டேன்.

“கம்மங்கூழு. ரெண்டு செம்பு. மத்தியானமும் அதேதேன்.”

“அதுல தண்ணி இல்லையாக்கா?”

“கூழு சோறுல்ல தாயி. அதைப் போயி தண்ணிக் கணக்குல சேப்பாகளா?”

அன்றிலிருந்து கம்பைக் கூழாகக் கரைக்காமல் கெட்டியாக உருட்டிச் சாப்பிடச் சொன்னேன். மூச்சிரைப்பு குறைந்தது. நான் இங்கே இருப்பதற்கு இதுதான் காரணம் போலும் என்று ஒரு பெருமை வந்தது.

3. மாடி

அந்தப் பெருமை காரியாபட்டியில் ரோஸ்லின் வீட்டு மாடிப்படியோடு இறங்கிப் போனது. புது மாடி எடுத்ததற்கு நன்றி ஜெபம் வைத்திருந்தார்கள். எங்கள் வீடு இன்னும் தகரக் கூரைதான். தரையின் டைல்ஸில் என் முகம் தெரிந்தது, பார்க்கப் பிடிக்கவில்லை. ரோஸ்லின் வீடியோ காலில் இருந்தாள். நன்றாகவே இருந்தாள்.

அவள் அம்மா என் கையைப் பிடித்தார். “ரெண்டு பேரும் ஒண்ணாப் படிச்ச பிள்ளைக. நீயே ஜெபம் பண்ணு தாயி.”

மறுக்க முடியவில்லை. எழுந்து நின்றேன்.

“ஆண்டவரே, ரோஸ்லினுக்கு வேலை கொடுத்தீர், வீடு கொடுத்தீர், ஸ்தோத்திரம்.” அதற்கு மேல் வரவில்லை. எல்லாரும் கண்ணை மூடிக் காத்திருந்தார்கள். ஜெபத்தில் பொய் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

“நானும் இதைத்தான் கேட்டேன். நீர் கொடுக்கல. ஏன்னு இன்னும் தெரியல. இவளைப் பாத்தா எனக்கு எரியுது. ஆனாலும் நீர் என்னைக் கைவிடலைன்னு நம்புறேன். நீர் வச்ச இடத்துல என்னை நிக்க வையும்.”

ரோஸ்லினின் “ஆமென்” மட்டும் போனிலிருந்து வந்தது. பிறகு, “ஏண்டி, எரியுதுன்னா சொல்ல வேண்டியதுதான? என் வாட்ஸப் ஸ்டேட்டஸை உனக்குத் தெரியாம வச்சிருப்பேன்ல.”

“மறைக்காத. வையி. பாத்துக்கிறேன்,” என்றேன்.

புதிதாக நர்ஸ் வேலைக்கு வரும் தங்கைகளுக்கு இதைச் சொல்கிறேன். பாக்கியம் அக்காவின் கூழை என் இழப்புக்குப் பதிலாகக் கடவுள் கொடுத்த காரணமென்று நினைத்தேன். ஒரு மாடி வீட்டைக் கண்டதும் அந்தக் காரணம் போதவில்லை. காரணம் கிடைத்த பிறகு வருவது நம்பிக்கை இல்லை. எரிச்சலையும் அவரிடமே சொல்லிவிட்டு, மறுநாள் காலை ஷிஃப்டுக்குப் போனேன். எனக்குத் தெரிந்த நம்பிக்கை அவ்வளவுதான்.