தவணை மாறவில்லை, மாசம் மாறியது

மனை புரோக்கர் தொழில்ல சந்தேகம்தான் மூலதனம்: வாங்கறவரு விக்கறவரைச் சந்தேகப்படுவாரு, விக்கறவரு வாங்கறவரைச் சந்தேகப்படுவாரு, அப்புறம் ரெண்டு பேருமாச் சேந்து என்னைச் சந்தேகப்படுவாங்க.

பதினோரு வருஷமா செஞ்சியில எனக்கு இதே பொழப்பு. மாசம் பொறந்தா தவணை கட்டற கூட்டத்துல நீங்களும் ஒருத்தர்னா, நான் உங்க கட்சிதான். திண்டிவனம் ரோட்டு லேஅவுட்ல ஊருக்கெல்லாம் மனை வித்தேன். "விலை ஏறும், ஏறும்"னு பேசிப் பேசி, கடைசியில என் பேச்சை நானே நம்பிட்டேன். குடியிருக்கற வீட்டை அடமானம் வெச்சு, அங்கேயே ரெண்டு மனை வாங்கிப் போட்டேன். அது வித்தாத்தான் வீடு எங்களுக்கு மீளும்.

ரெண்டு பேனர்

ரிசர்வ் வங்கி வட்டியை ஏத்திக்கிட்டே போன சமயத்துல லேஅவுட் வாசல்ல ஒரு பேனர் கட்டினேன்: "வட்டி மேலும் ஏறும் முன் மனை வாங்குங்கள்!" அப்புறம் வட்டி எறங்க ஆரம்பிச்சுது. பழசைக் கழட்டிட்டுப் புதுசு கட்டினேன்: "வட்டி குறைந்துவிட்டது, மனை வாங்க இதுவே நேரம்!" இதுல எனக்கு ஒரு தப்பும் தெரியல.

ஒரு ஞாயித்துக்கிழமை நர்ஸம்மா ஒருத்தங்க ஸ்கூட்டியில வந்தாங்க. மனைப் பக்கம் திரும்பவே இல்ல, பேனரையே மேலயும் கீழயும் பாத்தாங்க. அப்புறம் போன்ல எதையோ தேடி எடுத்து என் மூஞ்சிக்கு நேரா நீட்டினாங்க. பாத்தா, என்னோட பழைய பேனர் போட்டோ! "ஏறினாலும் வாங்கணும், எறங்கினாலும் வாங்கணும்னா, எப்பதாங்க வாங்கக் கூடாது? அதையும் ஒரு பேனர்ல போடுங்களேன்."

ஆட்டுக்காரர் வாக்கு

அடுத்து வந்தவர் நயினார். மேல்சித்தாமூர்க்காரர், கரண்ட் ஆபீஸ்ல கணக்கு எழுதி ரிட்டயர் ஆனவர். ரிட்டயர்மென்ட் பணத்தை எங்க போடலாம்னு பாத்துக்கிட்டிருந்தாரு. என் மனையைத்தான் அவருக்குக் காட்டினேன். ஆனா என்னோடதுன்னு சொல்லல. "ஓனர் சென்னையில இருக்காருங்க, அவசரத்துக்குத் தர்றாரு"ன்னு சொன்னேன். புரோக்கர் தன் சொந்த மனையை விக்கறான்னு தெரிஞ்சா பாதி விலைக்குக் கேப்பாங்க, அதனால எங்க ஆளுங்க எல்லாரும் இப்படித்தான் சொல்றது.

நான் ராஜகிரி மலையைக் கைகாட்டி, காத்தோட்டம், ரோடு, தண்ணின்னு மூச்சு விடாம பேசினேன். அவர் பாட்டுக்குப் பையிலிருந்து சொந்த டேப்பை எடுத்துக் கல்லுக்குக் கல்லு அளந்தாரு. அளந்து முடிச்சிட்டு, தூரத்துல ஆடு ஓட்டிக்கிட்டிருந்தவரைக் கூப்பிட்டு, மழைக்கு இங்க தண்ணி நிக்குமான்னு கேட்டாரு. எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துடுச்சு. "நான்தான் நிக்காதுன்னு சொன்னேனேங்க?"ன்னேன். "கோச்சுக்காத தம்பி, இந்த மனை விக்கலைன்னா அவருக்கு நஷ்டம் ஒண்ணும் இல்ல பாரு."

போன் பண்ணாத குடித்தனக்காரர்

வாங்கினா அங்க தகர ஷெட் போட்டு, நெல் மூட்டை அடுக்க வியாபாரிங்களுக்கு வாடகைக்கு விடறதுன்னு அவருக்கு யோசனை. நான் ஒரு வாடகை சொன்னேன். மனுஷன் நம்புவாரா? நெல் வண்டிங்க வரிசை கட்டி நிக்கற மார்க்கெட் கமிட்டிக்கே போயி, நாலு வியாபாரிங்களை விசாரிச்சுட்டு வந்தாரு. நான் சொன்னதுல பாதிதான் தேறும்னு தெரிஞ்சுபோச்சு.

நோட்டை விரிச்சு எனக்குப் பாடம் எடுத்தாரு. "நூறு ரூபா போட்டா கவர்மென்ட் கடன் பத்திரம் வருஷத்துக்கு ஏழு ரூபா கிட்ட தருது. நீ சொல்ற பத்து லட்சத்துக்கு இந்த மனையை வாங்கி, அதுக்கு மேல ஷெட்டும் போட்டா, அஞ்சு கூட வரல. ஏழு வரணும்னா மனைக்கு ஆறரை லட்சம்தான் தரலாம். பத்திர வட்டி கொஞ்சம் எறங்கியிருக்குது, அதனாலதான் ஆறரை. முன்ன மாதிரி அதிகமாவே இருந்திருந்தா ஆறுதான் சொல்லியிருப்பேன்." நானே ஏழுக்கு வாங்கின மனை அது! வாடகை கம்மின்னா இன்னாங்க, மனை விலை ஏறுமே, பத்திரம் ஏறுமான்னு மடக்கினேன். "எவ்ளோ ஏறும்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. கவர்மென்ட் எழுதிக் குடுக்குது, அதுக்கு மேல மோட்டார் ஓடல, கூரை ஒழுவுதுன்னு எனக்குப் போன் பண்றதும் இல்ல."

சென்னை ஓனர்

ஒரு மாசம் ஆளைக் காணோம். திரும்பி வந்தப்ப கையில வில்லங்கச் சான்று. அந்த மனை யார் பேருல இருக்குது, யார்கிட்டேருந்து வந்துச்சுன்னு எல்லாம் அதுல இருக்கும். நான் மனையை என் வீட்டுக்காரி பேருல எழுதியிருந்தேன். கண்ணாடியை மூக்கு மேல ஏத்திக்கிட்டு நிதானமாப் படிச்சாரு. "ஓனரம்மா பேரு சுமதி. வீட்டுக்காரர் பேரு ஏழுமலை. அது சரி, உன் பேரு இன்னா தம்பி?"

மிஷின் பொய் சொல்லல

மானம் போச்சு. அதுக்கப்புறம் ஒண்ணும் மறைக்கல, வீட்டு மேல வாங்கின கடனையும் சொல்லிட்டேன். ஆனா கெத்தை விடாம, "வட்டி எவ்ளோ ஏறுச்சு, என் தவணை ஒரு ரூபா ஏறலைங்க"ன்னேன். நயினார் என்னை ஒரு மாதிரியாப் பாத்தாரு. "ஏறலையா? அப்ப வேற எங்கயோ ஏத்தியிருக்கான். மீதி எத்தனை மாசம்னு போய்க் கேளு"ன்னாரு.

மறுநாளே கடன் ஆபீசுக்குப் போனேன். நூத்தி எம்பது மாசத்துக்கு வாங்கின கடன், நாப்பது மாசம் கட்டியாச்சு. மீதி நூத்தி நாப்பதுன்னு என் கணக்கு. அவங்க நீட்டின பேப்பர்ல நூத்தித் தொண்ணூத்தெட்டு! மிஷின் கோளாறுன்னு கத்தினேன். இப்ப எனக்கு வயசு ஐம்பத்தொண்ணு. முடிக்கறப்ப அறுபத்தேழு ஆயிடும். அழுகையே வந்துடுச்சு. வட்டிதான் எறங்கிடுச்சேம்மா, அது எங்கன்னு கேட்டேன். கவுன்ட்டர்ல இருந்த பொண்ணு பொறுமையாத்தான் சொல்லிச்சு. "ஏறினா நாங்களே மாசத்தைக் கூட்டிடுவோம் சார், எறங்கினா நீங்கதான் பீஸ் கட்டி லெட்டர் குடுக்கணும்."

ரிஜிஸ்டர் ஆபீஸ்

சுமதிகிட்ட பேப்பரைக் காட்டினேன். ஒரு மனையை ஆறரைக்கே நயினாருக்குக் குடுத்துட்டோம். பணத்தைக் கடன்ல கட்டி, பீஸும் லெட்டரும் குடுத்ததுல மீதி அறுபது சொச்சம் மாசமா எறங்குச்சு. வீடு மீண்டுடும்னு அன்னிக்குத்தான் தூக்கம் வந்துச்சு.

பத்திரம் பதிஞ்சு வெளிய வந்து டீ குடிச்சப்ப, வில்லங்கம் போட்டுத்தானே என்னைப் பிடிச்சீங்கன்னு நயினாரைக் கேட்டேன். அவர் இல்லன்னு தலையை ஆட்டினாரு. "மொத நாளே தெரியும் தம்பி. சுத்தி எல்லா மனையிலயும் வேலிக்காத்தான் முள்ளு மண்டிக் கெடக்குது, உன் ரெண்டு மனை மட்டும் வாசல் மாதிரி சுத்தமா இருந்துச்சு. அவசரம் உனக்குன்னு தெரிஞ்சப்புறம், நான் எதுக்கு அவசரப்படணும்?"

ஏறாத தவணையைப் பாத்து நிம்மதியாத் தூங்கற என் கட்சிக்காரங்களே, மீதி மாசத்தை நீங்களே போய்க் கேட்டுடுங்க, வேற ஆள் சொல்லிக் கேட்டா, பத்து லட்சம் ஆறரையாகி மூணரை லட்சம் செலவாவுது.