உள்பக்கத் தாழ்ப்பாள்

மீன் கூடையைப் பள்ளிக்கூட வாசலில் காவலாளியிடம் விட்டுவிட்டு உள்ளே போகும் அம்மா திரும்பி வரும்போது, முதலில் அவள் கைகளைத்தான் பார்ப்பேன். ஈரமாக இருந்தால் உள்ளே குழாயில் தண்ணீர் வருகிறது. காய்ந்திருந்தால் அந்தப் பள்ளியின் கதை முடிந்தது. நான் எட்டாவது முடிக்கவிருந்த ஏப்ரலில், ஒரே வாரத்தில் மூன்று பள்ளிகளின் வாசலில் இப்படி நின்றேன்.

எங்கள் மாநகராட்சிப் பள்ளியில் எட்டாவதோடு சரி. ஒன்பதாவதுக்கு வேறு இடம் தேட வேண்டும். எங்கள் வீட்டில் யாரும் பத்தாவதைக் கண்டதில்லை. யோசனை கேட்க ஆள் கிடையாது. நானே ஒரு நோட்டில் கட்டம் போட்டு தி.நகர், மயிலாப்பூர், அடையாறு என்று எழுதினேன். மூன்றும் ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் அரசுப் பள்ளிகள். தேர்ச்சி எப்படி, ஆய்வகம் உண்டா, பஸ் எத்தனை மாற வேண்டும் என்று விசாரித்து நிரப்பினேன். தி.நகர் பள்ளியின் வாசலில், நிறைய மதிப்பெண் எடுத்தவர்களின் முகங்களோடு பெரிய பேனர் தொங்கியது. அந்த வரிசையில் என் முகத்தை வைத்துப் பார்த்தபடிதான் தினமும் தூங்குவேன். தவறான பள்ளியில் போய் விழுந்துவிட்டால் பிறகு எழுந்திருக்கவே முடியாது என்று ஒரு பயம்.

நோட்டைப் படித்துக் காட்டினேன். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எல்லாம் சரி நைனா. பொம்பளப் பசங்க கக்கூஸ்ல தாப்பா கீதா?"

"நான் பையன்மா."

"தெரியுது, போடா."

பெசன்ட் நகர்த் தெருக்களில் விற்றது போக மிச்ச மீனோடு அவள் கிளம்புவாள். பள்ளி வாசலில் கூடையை இறக்கி, அவசரம் என்பாள். தி.நகரில் காவலாளி மறித்தான். "இன்னாமே, இஸ்கோலுக்குள்ள மீனு விக்கப் போறியா?" அம்மா அசரவில்லை. "ரெண்டே நிமிஷம் நைனா. கூடையப் பாத்துக்க. எல்லாத்தையும் எண்ணி வெச்சிக்கீறேன்." நான் யாரோ போல நான்கு அடி தள்ளி நின்றேன்.

உள்ளே போய்க் கழிப்பறையைப் பார்க்கும் பழக்கம் அக்காவால் வந்தது. அக்கா ஒன்பதாவதின் பாதியில் நின்றவள். அவள் பள்ளியில் கழிப்பறைக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்துக்கொள்ள ஆள் கிடைக்காத நாட்கள் வந்தன. அக்கா முதலில் காலையில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். பிறகு பள்ளிக்குப் போவதை நிறுத்தினாள். படிப்பு ஏறவில்லை என்றுதான் எல்லாரும் சொன்னோம், நானும்தான். காரணம் அம்மாவுக்குத் தெரியவந்தபோது பள்ளியில் அவள் பெயரை அடித்துவிட்டிருந்தார்கள்.

தி.நகரில் கழிப்பறை பூட்டிக் கிடந்தது. சாவி ஆசிரியர் அறையில். மயிலாப்பூரில் தாழ்ப்பாள் இருந்த ஓட்டைகள் மட்டும் இருந்தன. அடையாறிலிருந்து ஈரக் கையோடு வந்தாள், அங்கே தாழ்ப்பாளும் இருந்தது. மற்ற இரண்டையும் அப்போதே தள்ளிவிட்டாள். "ஒரு தாப்பா போட ஆள் இல்லாத எடத்துல, உன்ன கவனிக்க ஆள் இருப்பாங்களா?" தி.நகர் போச்சே என்று இரண்டு நாள் அவளிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அடையாறிலேயே படித்தேன். பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். ஆனாலும் ஒரு வருடம் பாதி வரை அங்கே கணக்குக்கு ஆசிரியர் இல்லை. தி.நகர் போயிருந்தால் என்ன ஆகியிருப்பேன் என்று இன்றும் நினைப்பதுண்டு. அம்மாவின் கணக்கு சரியா தப்பா, எனக்குத் தெரியாது.

இந்த ஏப்ரலில் அக்காவின் மகள் எட்டாவது முடிக்கிறாள். தேனாம்பேட்டையில் வேலை பார்க்கிற எனக்குக் கட்டம் போட இப்போது போன் இருக்கிறது. எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன், கடைசிக் கட்டத்தைத் தவிர. அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. கூடை அக்காவின் தலைக்கு வந்துவிட்டது. நேற்று ஒரு பள்ளியின் வாசலில் நின்றேன். "இன்னா சார் வேணும்?" என்றார் காவலாளி. பெண்கள் கழிப்பறையைப் பார்க்க வேண்டும் என்றா சொல்வது?

கூடவே வந்திருந்த அக்கா, கூடையை இறக்கி என் கையில் கொடுத்தாள். "புடிடா. எறா கீது, சாய்ச்சிடாத." படிப்பு நின்ற நாளிலிருந்து எந்தப் பள்ளிக்குள்ளும் கால் வைக்காதவள் அவள். மகளை ஒன்றாவதில் சேர்த்ததுகூட நான்தான்.

ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து ஆயிற்று. ஐஸ் உருகி என் சட்டையில் வழிந்தது. "இன்னா சார், அந்தக்கா அவங்களே சேந்துட்டாங்களா?" என்று காவலாளி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாராவது ஏதாவது கேட்டு அவளை அவமானப்படுத்திவிட்டார்களோ?

வந்தாள். கைகளைப் பார்த்தேன். ஈரம்.

"ஏங்க்கா இவ்ளோ நேரம்?"

கூடையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். "பாப்பாவ இங்கயே சேத்துடு" என்றாள். தெருமுனை வரை விறுவிறுவென்று நடந்தாள். பிறகு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

"தாப்பா நல்லா விழுதுடா. போட்டுக்கினு கொஞ்ச நேரம் உள்ளாறயே நின்னுக்கினு இருந்தேன்."